ட்ரெய்லரில் மட்டும் வந்தவன்

வவுனியாவில் கேம் கடை திறக்கப்போகிற நமது வகுப்புத் தோழன் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தான். கடை வாசலில் பெரிய ரீவி ஒன்றை வைத்து, புதுக் கேம்களின் ட்ரெய்லர்களை நாள் முழுக்க ஓடவிட்டால் சனம் உள்ளே வந்து வாங்குமா, இல்லை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுமா? நீங்கள் ஆளுக்கொரு பதில் எழுதியிருந்தீர்கள். ட்ரெய்லர் பார்த்து வாங்கிய காலம் மலையேறிவிட்டது, இப்போது யாராவது விளையாடிக் காட்டுகிற வீடியோவைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்றாள் ஒருத்தி. ட்ரெய்லரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் மடையர்கள் என்று இன்னொருவன் எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகத்தையும் போட்டிருந்தான். அந்தச் சிரிக்கிற முகத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நமது வயதை வேறு ஊர்க்காரர் இளமை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பதைத் தொடுமுன்னரே நம்மில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. மீதிப் பேர் சாயம் அடிக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆகவே கிழவர்களே, கிழவிகளே, நான் பழங்கதை பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இது இனிக்கிற பழங்கதை இல்லை. இனிக்கிறது வேண்டுமென்றால் குழுவில் கிடக்கிற பள்ளிக்கூடப் படங்களைப் பாருங்கள்.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து திரும்பி, தகரத்தாலும் தறப்பாள் சீலையாலும் கூரை போட்டுக் குடியேறியதற்குப் பிறகு வந்த மாரி அது. பரந்தன் சந்தியில் வீதிக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டால் தார் மணம், மழை பெய்தால் சேற்று மணம். கூரை இல்லாமல் நின்ற கட்டடங்களுக்கு நடுவே தகரக் கடைகள் முளைத்தன. பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே முளைத்தது கடைக்கார அண்ணையின் கடை. ஃபோன் திருத்துவார், ரீலோட் போடுவார், சீடி விற்பார். பழைய கேம் பெட்டிகள் சிலவற்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருந்தார். ஒரு ரீவியை வீதியைப் பார்த்தபடி உயரத்தில் வைத்து, ட்ரெய்லர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவார். பார்க்கிற எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான். "இது சும்மா சாம்பிள். முழுக் கேமில இன்னும் கனக்க இருக்கு."

முழுக் கேமைக் கண்டவர்கள் நம்மில் யார்? பொடியன்கள் நீங்கள் கடை வாசலில் முண்டியடித்து நின்றீர்கள். பெட்டைகள் நாங்கள் தரிப்பிடத்துத் தூணோடு நின்று, பஸ்ஸைப் பார்ப்பதுபோல ரீவியைப் பார்த்தோம். ட்ரெய்லர்கள் நமக்குப் பாடமாகிவிட்டன. பள்ளிக்கூட மைதானத்தில் நாம் விளையாடியதும் ட்ரெய்லரைத்தான். யார் ஹெலிகொப்டர், யார் வெடிக்கிற பாலம் என்று சண்டை பிடித்தோம். ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் ஒண்டியிருந்த பிள்ளைகள், வாயாலே ஷெல் சத்தம் போட்டுப் போட்டு விழுந்து சிரித்தோம். அதைப் பார்த்த பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டதாக நிம்மதிப்பட்டார்கள். அவர்கள் அந்த நாட்களில் பிழையாக விளங்கிக்கொண்டவை கொஞ்சநஞ்சமல்ல.

இனி மாமியைச் சொல்கிறேன். மாமி அப்பாவின் மூத்த அக்கா. புருஷன் போய்க் கனகாலம். ஒரே ஒரு மகன், என்னைவிட மூத்தவன், எனக்கு மச்சான். கிணற்றுக் கட்டில் விழுந்து இடப் புருவத்தில் ஒரு வெட்டு, புருவம் இரண்டு துண்டாகத் தெரியும். யுத்தத்தின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக வந்துகொண்டிருக்கும்போது மாமியின் கையிலிருந்து அவனுடைய கை விடுபட்டுப் போனது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாக அங்கே ஒருவர், இங்கே ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொன்ன இடத்துக்கெல்லாம் மாமி போனார். எங்கள் வளவுக்குள்ளேயே, வேலியோரத்தில், தறப்பாள் கொட்டில் ஒன்றில் இருந்தார். அந்தக் கொட்டிலுக்குள் விலையுள்ள பொருள் ஒரு தையல் மெசின் மட்டும். நிவாரணமாகக் கிடைத்தது. கொடுத்தவர்களின் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர் அதன் நெற்றியில் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை பாதி அதில்தான் தைக்கப்பட்டது. உங்களில் சிலருடைய சட்டையும்.

நமது ஊரில் காணாமல்போன பிள்ளையைத் தேடுகிற பெண்கள் படம் பார்க்கிற விதமே வேறு. பேப்பரில் அமைச்சர் ரிப்பன் வெட்டுகிற படம் வந்தால், அவர்கள் அமைச்சரைப் பார்ப்பதில்லை. பின்னால் நிற்கிற முகங்களைப் பார்ப்பார்கள். செய்தியில் வெள்ளம் காட்டினால் தண்ணீருக்கு அப்பால், கரையில் நிற்கிறவர்களைத் தேடுவார்கள். படத்தின் ஓரத்தில்தான் பிள்ளை நிற்பான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மாமியும் அப்படித்தான். கல்யாண வீட்டு அல்பத்தைக் கொடுத்தாலும் மணமக்களை விட்டுவிட்டுப் பந்தலின் மூலையைப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை. எனக்கு ரியூசன் முடிந்து, மாமியோடு பரந்தன் சந்தியில் நின்றேன். பூநகரியில் யாரோ ஒரு பெண், மச்சானைப்போல ஒருவனைத் தன் தம்பி கண்டதாகச் சொல்லியிருந்தாளாம். மாமி அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். பூநகரி பஸ் எப்போது வரும் என்று அதன் சாரதிக்கே தெரியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்க் கடையில் ட்ரெய்லர் ஓடியது. அது புதிய சண்டைக் கேம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஹெலிகொப்டரிலிருந்து குதித்தார்கள், ஏதோ ஒரு நாட்டுக் காடு எரிந்தது, நாமெல்லாம் வாய் பிளந்து பார்த்தோம். பிறகு மழை. சேற்றில் ஆட்கள் கையைத் தலையில் வைத்து வரிசையாக முழங்காலில் இருந்தார்கள். அவர்கள்மேல் வெளிச்சம் ஒன்று ஊர்ந்துபோனது. வரிசையின் ஓரத்தில் இருந்தவன் முகத்தைத் தூக்கி நேரே நம்மைப் பார்த்தான். உடனே திரை இருண்டு, கேமின் பெயர் வந்தது.

மாமி வீதியைக் குறுக்கே கடந்தார். வலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை. லொறி ஒன்று பிரேக் அடித்து, சாரதி கெட்ட வார்த்தையால் திட்டினான். நான் பின்னால் ஓடினேன்.

"தம்பி, உதைத் திருப்பிப் போடு ராசா," என்றார் கடைக்கார அண்ணையிடம்.

"அது தன்ர பாட்டில திரும்ப வரும் அம்மா. சுத்திச் சுத்தி ஓடுறதுதான்."

மழையில் நனைந்தபடி நின்றோம். கார் ஓட்டம் வந்து போனது. பந்தாட்டம் வந்து போனது. வாளால் பூதங்களை வெட்டுகிற ஒருவன் வந்து போனான். பிறகு ஹெலிகொப்டர், காடு, மழை. மாமி எட்டிக் கண்ணாடியில் விரலை வைத்தார்.

"இந்தா. இவன். புருவத்தைப் பார் பிள்ளை."

நான் பார்த்தேன். மச்சானைக் கண்டேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரம் நானும் கண்டேன். பூநகரி பஸ் வந்து, நின்று, போனது.

"தம்பி, இவன் பிறகு என்ன செய்யிறான்?" என்று மாமி கேட்டார்.

கடைக்கார அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோருக்கும் சொல்வதையே சொன்னார். "முழுக் கேமில கனக்க இருக்கு அம்மா. இது சும்மா சாம்பிள்தானே."

தோழா, உன்னுடைய கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. ட்ரெய்லர் காட்டுகிறதற்காக யாரும் வாங்குவதில்லை. காட்டாமல் விட்டதற்காகத்தான் வாங்குகிறார்கள். மிச்சம் உள்ளே இருக்கிறது என்று நம்பி வாங்குகிறார்கள். மாமியைப்போல நம்பி வாங்கிய வாடிக்கையாளர் அந்தக் கேமைச் செய்தவர்களுக்கு உலகத்தில் எங்கும் கிடைத்திருக்கமாட்டார்.

வீட்டில் அன்று பெரிய கதை. "அக்கா, அது விளையாட்டு. கொம்பியூட்டரில படம் கீறிச் செய்யிறது," என்றார் அப்பா.

"கீறினவன் ஆரைப் பாத்துக் கீறினவன்?"

மழைக்கு ஒதுங்கி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இங்கிலீசு மாஸ்டர் வாயைத் திறந்தார். அவர் எங்கேயோ எதையோ வாசித்திருந்தார். "அப்பிடிச் சும்மா கீறுறேல்லை. உண்மையான ஆக்களின்ர உடம்பில வயர் பூட்டி, அவையளின்ர முகத்தை எடுத்துத்தான் இப்ப உதுகளைச் செய்யிறது."

மாமி எழுந்து நின்றுவிட்டார். "வயர் பூட்டுறதெண்டால் உயிர் இருக்க வேணுமெல்லோ, மாஸ்டர்?"

மாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே குடையை எடுத்துக்கொண்டு போனார். தான் அறிந்ததில் கால்வாசியைக் கொட்டிவிட்டுப் போகிற பெரியவர்களை அதற்குப் பிறகும் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் எனக்கு அவர்கள்மேல் கோபம் வரும்.

அப்பாவுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. மச்சானுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கும்படி எங்கள் கிராம அலுவலர், விதானையார், சொல்லிக்கொண்டிருந்தார். அது இருந்தால் மாமிக்கு வீட்டுத்திட்டத்தில் கெதியாக வீடு கிடைக்கும் என்று யாரோ அப்பாவின் காதில் போட்டிருந்தார்கள். மாமி கையெழுத்து வைக்கவே மாட்டேன் என்று நின்றார். "செத்தவீடு நடக்காத பிள்ளைக்குச் சான்றிதழோ?" என்பார். தறப்பாளுக்குள் தண்ணீர் ஒழுகுகிற ஒவ்வொரு மழைக்கும் அப்பா அந்தக் கதையை எடுப்பார். அன்றைக்கும் எடுத்தார். ஆனால் வேறு விதமாக.

"சரி அக்கா. நீங்கள் உந்தக் கேமை வாங்குங்கோ. பிள்ளையள் ரெண்டும் விளையாடி முடிக்கட்டும். அதுக்குள்ள அவன் இருந்தால், நான் சாகுமட்டும் சான்றிதழ்க் கதை எடுக்கமாட்டன். இல்லையெண்டால் நீங்கள் கையெழுத்து வைக்க வேணும்."

குசினிக்குள் இருந்து அம்மா கேட்டார், "உதை ஏன் பிள்ளையளின்ர கையில குடுக்கிறியள்?"

மாமி அப்பாவைப் பார்த்து "ஓம்" என்றார். அப்பாவின் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி தெரிந்தது. சண்டை சச்சரவு இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டதாக அவர் நினைத்தார். ஒரு விளையாட்டுத்தானே, விளையாடி முடிந்தால் அக்காவின் மனம் தானாக ஆறிவிடும் என்பது அவருடைய எண்ணம். எனக்குப் பதின்மூன்று வயது, தங்கச்சிக்குப் பத்து. மச்சான் இருக்கிறானா இல்லையா என்று முடிவு செய்கிற வேலை எங்களுக்கு வந்தது.

மாமியின் தையல் மெசின், கடைக்கார அண்ணையின் பெண்சாதியிடம் போனது. அவர்களுடைய சைக்கிள் கரியரில் அதைக் கட்டும்போது மாமி ஸ்டிக்கரில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பதிலுக்கு, அரிசிப் பை ஒன்றுக்குள் கேம் பெட்டியும் ஜொய்ஸ்டிக்கும் சீடியும் வந்தன. எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. கனடாச் சித்தப்பாவின் புண்ணியத்தில் ஒரு பழைய ரீவியும் இருந்தது. மார்கழி விடுமுறை தொடங்கியது. உங்களில் எத்தனை பேர் எங்கள் வேலியில் தொங்கிக்கொண்டு நின்றீர்கள் என்று நினைத்துப்பாருங்கள். ஊரிலேயே சொந்தமாகக் கேம் வைத்திருந்த வீடு எங்களுடையதுதான். பொறாமையில் வெந்தீர்கள். உள்ளே விடவில்லை என்று என்னோடு கதைக்காமல் விட்டவர்களும் இருக்கிறீர்கள்.

உள்ளே விடாததற்குக் காரணம் மாமி. பொடியன்கள் கண்டவுடன் சுட்டுவிடுவார்கள்.

அந்தக் கேமில் நாங்கள் வெள்ளைக்காரச் சிப்பாய். துவக்கை நீட்டிக்கொண்டு காட்டுக்குள் போகவேண்டும். எதிரே வருகிறவர்களைச் சுட்டால்தான் அடுத்த இடம் திறக்கும். மாமி பாயில் எங்களுக்குப் பின்னால் இருப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"முகத்தைப் பாக்காமல் ஒருத்தரையும் சுடக்கூடாது."

"மாமி, நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டால் அவங்கள் எங்களைச் சுட்டுப்போடுவாங்கள்," என்றாள் தங்கச்சி.

"சுட்டால் சுடட்டும். நீங்கள்தான் திரும்ப எழும்புறியளே."

அப்படியே விளையாடினோம். தூரத்தில் ஒருவன் தெரிந்தால் துவக்கின் கண்ணாடியால் அவனுடைய முகத்தைப் பெரிதாக்கிப் பிடிப்பேன். மாமி முழங்காலால் ஊர்ந்து ரீவிக்குக் கிட்ட வந்து, இடப் புருவத்தைப் பார்ப்பார். கண்ணாடியைத் தொடும்போது சடசடவென்று ஒரு சத்தம் வரும், அவருடைய கையில் மயிர் எழும்பி நிற்கும். அதற்குள் பாதி நேரம் நாங்கள் செத்துப்போவோம். சாகாத நேரத்தில் மாமி "இவனில்லை" என்பார். நான் சுடுவேன். "இவனில்லை" என்று மாமி சொல்கிற குரலில் ஒவ்வொரு முறையும் ஒரு ஆறுதல் இருக்கும். தன் பிள்ளை தப்பினான் என்கிற ஆறுதல். ஆனால் சுடப்பட்டவன் விழும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்களைத் திரும்பச் சொல்லமாட்டார்.

விழுந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் தரையிலிருந்து மறைந்துபோவார்கள். எல்லாக் கேமிலும் அப்படித்தான், பெட்டிக்குப் பாரம் கூடாமல் இருக்க. எங்களுக்கு அது அப்போது தெரியாது. ஒரு நாள் மாமி கேட்டார், "இப்ப இதில கிடந்தவன் எங்க?"

"போய்ட்டான் மாமி."

"ஆர் எடுத்தது?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். மாமி அந்த வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மேலே விளையாடவில்லை.

இன்னொரு நாள் வேறொன்றைக் கண்டுபிடித்தார். கேம் செய்தவர்கள் கொஞ்ச முகங்களைத்தான் செய்திருந்தார்கள். அவற்றையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். "பிள்ளை, இவனை நீ முந்தநாள் சுட்டனியெல்லோ?" என்றார். ஓம் என்றேன். "அப்ப திரும்பி வாறாங்கள்," என்று மாமி சிரித்தார். மாரி முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மழைக்குக் கரண்ட் அடிக்கடி நிற்கும். நின்றால் கேம் முதலில் இருந்து தொடங்கும். விட்ட இடத்தைப் பதிந்துவைக்கிற சின்னக் கார்ட் ஒன்று வேண்டுமாம், அதைக் கடைக்கார அண்ணை தரவில்லை. முதல் சில நாட்கள் கரண்ட் நின்றால் மாமியும் எங்களோடு சேர்ந்து எரிச்சல்படுவார். பிறகு நாங்கள் கெட்டிக்காரிகளானோம். காலையில் தொடங்கினால் பின்னேரத்துக்குள் கடைசிக் கட்டம்வரை போகக்கூடியதாக இருந்தது. அதற்குள் முழங்காலில் இருக்கிறவர்கள் எங்கும் வரவில்லை. கடைசியில்தான் வரும் என்று நாங்கள் நிச்சயமாக நம்பினோம். நல்லதைக் கடைசிக்குத்தானே வைத்திருப்பார்கள்?

கடைசிக் கட்டம் நெருங்க நெருங்க மாமிக்கு வேலை முளைத்தது. "எழும்புங்கோ, தலை சீவி இழுத்து விடுறன்" என்பார். முருங்கையிலை ஆயக் கூப்பிடுவார். பிறகு கரண்ட் நிற்பது கூடியது. மழை இல்லாத நாளிலும் நின்றது. அயல் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் ரீவி இருண்டது. தங்கச்சிதான் கண்டாள். மாமி பாயில் இருந்தபடியே காலை நீட்டி, பெருவிரலால் வயரை இழுத்துப் பிளக்கைக் கழற்றியிருந்தார்.

அடுத்த நாள் காலையில் திரும்ப முதலில் இருந்து தொடங்கினோம். கேம் முடியாதவரைக்கும் மச்சான் இருந்தான். அந்த வீட்டில் பெரியவர்கள் யாருக்கும் விளங்காத விஷயம், பத்து வயதுத் தங்கச்சிக்கு விளங்கியிருந்தது. அவள் கேமுக்குள் வேண்டுமென்றே போய்ச் சாகத் தொடங்கினாள்.

விடுமுறை முடியப்போகிற நேரத்தில் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் கதிரையை இழுத்துப் போட்டு ரீவிக்கு முன்னால் இருந்தார். தங்கச்சியைக் குசினிக்கு அனுப்பினார். பிளக்குக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துக்கொண்டார்.

"விளையாடு," என்றார் என்னிடம்.

நான் விளையாடினேன். வழக்கம்போல முகத்தைப் பெரிதாக்கி மாமிக்காகக் காத்திருந்தேன்.

"முகம் பாத்தது காணும். சுடு."

"தம்பி, பொறு, புருவத்தைப்…"

"சுடு பிள்ளை."

அப்பா எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. அவர் சுடு, சுடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நான் சுட்டுக்கொண்டே இருந்தேன். மாமி புருவம் பார்க்கமுடியாமல் ரீவியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம், தேத்தண்ணி நேரத்துக்குக் கேம் முடிந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் ஹெலிகொப்டரில் ஏறிப் போனான். செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. அந்த மழைக் காட்சி வரவில்லை. முழங்காலில் யாரும் இருக்கவில்லை.

"வாசி பிள்ளை," என்றார் மாமி. நான் இங்கிலீசுப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாதி வாசிக்க முதல் அவை ஓடி மறைந்தன. அவன்ர பெயர் இருக்கோ, இருக்கோ என்று மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா எழுந்து ரீவியை நிற்பாட்டினார்.

அடுத்த நாள் காலை மாமி ஒற்றைக்காலில் நின்றார். நாங்கள் எங்கேயோ வழி மாறிப்போய்விட்டோமாம், கடைக்காரத் தம்பியைக் கேட்கவேண்டுமாம். அப்பா சம்மதித்தார். கேமைப் பற்றி விளக்கிச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கடையில் அந்த ட்ரெய்லர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முழங்காலில் இருக்கிறவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள் என்று நான் கேட்டேன்.

"அதோ? அது கேமில வராது," என்றார் கடைக்கார அண்ணை. "அது ட்ரெய்லருக்கெண்டு ஆக்களை வச்சுத் தனியா எடுத்தது. கீழ சின்ன எழுத்தில போட்டிருக்குமே, நீ பாக்கேல்லையோ?"

"முன்னமே தெரியுமோ ஐசே உமக்கு?" என்றார் அப்பா.

"தெரியும்தானே அண்ணை. எல்லாக் கேமும் உப்பிடித்தான். இவா என்னத்துக்கு வாங்கினவா எண்டு எனக்கென்ன தெரியும்?"

அவர் சொன்னது உண்மை. மாமி அவரிடம் மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் மாமிக்கு அவர் சொன்னதில் வேறொன்று கேட்டது.

"ஆக்களை வச்சோ? உயிரோட இருக்கிற ஆக்களையோ?"

"ஓம் அம்மா, நடிகர்மாரை."

மாமி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முகம் மலர்ந்துபோயிருந்தது. "பாத்தியே தம்பி? கேமுக்குள்ள அவன் இல்லாதது கணக்கில்லை. அவன் அதுக்குள்ள இருக்கவே இல்லை. இதுக்குள்ளதான் இருக்கிறான். நாங்கள் பிழையான இடத்தில தேடியிருக்கிறம்."

மச்சானைப் பற்றிய மாமியின் நம்பிக்கையை நீங்கள் என்ன வேண்டுமென்றாலும் நினையுங்கள். ஆனால் அந்தக் கணக்கில் பிழை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். ட்ரெய்லரில் இருந்ததைக் கேமுக்குள் தேடச் சொன்னது அப்பா. அது கேமுக்குள் வைக்கப்படவே இல்லை. பந்தயமே செல்லாது. எனக்கு அது விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியது, நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"இல்லை அப்பா, இது சரியில்லை," என்று நான் கத்தினேன். வாயை மூடு என்றார். மாமி அப்பாவின் கையை விட்டார். சொன்ன சொல்லை மீறிப் பழக்கமில்லாத மனுசி. "ஓம், சொன்னனான்தான்," என்றார்.

ட்ரெய்லரில் காட்டியது கேமில் இல்லையென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இன்ரநெற்றில் போய்த் திட்டுவீர்கள், ஒரு நட்சத்திரம் போடுவீர்கள், சீடியைத் தூக்கி மூலையில் எறிவீர்கள். நமது ஊரில் அதற்காக ஒரு பிள்ளையைச் செத்தவனாக்கினார்கள். அப்பா நல்லவர். அக்காவின் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்பட்டவர். போன வருடம் அவர் செத்தபோது நான் விழுந்து விழுந்து அழுதேன். ஆனால் அந்தக் காலையை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. வீடு வந்தது, வராமல் இல்லை. சான்றிதழ் எடுக்காத பக்கத்து வளவுப் பெண்ணுக்கும் அதே மாதம் அதே அளவில் வீடு வந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லையாம்.

ஆகவே, தோழா, ரீவியை வாசலில் வை. வாங்குவார்கள். ஆளுக்கு ஆள் எதைக் கண்டு வாங்குகிறார்கள் என்பது உனக்கு ஒருநாளும் தெரியவராது. உன்னுடைய கடையையோ, ட்ரெய்லரையோ நான் குறை சொல்லவில்லை. மடையர்கள் என்று எழுதிச் சிரித்தவன் மட்டும் இதைக் கடைசிவரை வாசிக்கட்டும்.

அன்றைக்குக் கடையிலிருந்து அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. மாமி மனம் மாறுமுன் முடித்துவிட எண்ணி, எங்களை நேரே விதானையாரிடம் கூட்டிக்கொண்டு போனார். விதானையார் மாமிக்குக் கதிரை போட்டார், தண்ணீர் கொடுத்தார். பெயரைக் கேட்டு எழுதினார். பிறந்த திகதியைக் கேட்டு எழுதினார். மாமி எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். பிறகு விதானையார் குரலைத் தாழ்த்தி, "இறந்த திகதி என்னெண்டு போட, அம்மா?" என்று கேட்டார்.

"நேற்று," என்றார் மாமி.

விதானையாரின் பேனை நின்றது.

"நேற்றுப் பின்னேரம் எண்டு எழுதுங்கோ. நேற்றுப் பின்னேரம் வரைக்கும் இருந்தவன்."

விதானையார் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறொரு திகதியைச் சொன்னார். அதைத்தான் எழுதினார்கள்.